"நல்லா இருக்கேம்மா!" - நிஜமாவா?

"எம் பையன் தங்கம்ங்க! ஜெர்மனியில இருந்தாலும், நான் காலையில எட்டரை மணிக்கு போன் பண்ணினா ஒரே ரிங்ல எடுத்துடுவான்!"

பக்கத்து வீட்டு மாமியிடம் இப்படிப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற அம்மாவா நீங்கள்? ஒரு நிமிஷம் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். நமக்குக் காலை எட்டரை என்றால், டிசம்பர் மாதத்தில் ஜெர்மனியில் மணி என்ன தெரியுமா? விடியற்காலை நாலு!

விடியற்காலை நாலு மணிக்கு ஒரு பிள்ளை ஒரே ரிங்கில் போனை எடுக்கிறான் என்றால், ஒன்று, அவன் எங்கோ ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருக்க வேண்டும். அல்லது, இன்னும் படுக்கவே இல்லை. என்றைக்கோ ஒருநாள் என்றால் பரவாயில்லை. தினமும் இப்படி என்றால்? பெருமைப்படுகிற விஷயம் இல்லைங்க, விசாரிக்க வேண்டிய விஷயம்.

இன்றைக்கு ஜெர்மனிக்குப் படிக்கப் போகிற நம் பிள்ளைகள் ஒருவர் இருவர் அல்ல. 2023-24 குளிர்காலப் பருவத்தில் அங்கே படித்த இந்திய மாணவர்கள் மட்டும் சுமார் 49,000 பேர். வெளிநாட்டு மாணவர்களில் முதலிடமே நம் நாட்டுக்குத்தான். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை என்பது முக்கியக் காரணம். ஆனால் செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வருஷத்துச் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான பணத்தை முன்கூட்டியே தனிக் கணக்கில் போட்டுக் காட்டினால்தான் விசா. 2024 செப்டம்பரில் அந்தத் தொகையை 11,904 யூரோ என்று வைத்தார்கள். நம் பணத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல். நகையை அடகு வைத்தோ, கடன் வாங்கியோ அனுப்புகிற குடும்பங்கள் எத்தனை!

அப்படி அனுப்பின பிள்ளை அங்கே தடுமாறினால், காரணம் மூளை இல்லாமை அல்ல. பல நேரங்களில், முதல் மூன்று மாதங்களில் உடம்பின் கடிகாரம் தடம் புரள்வதுதான். இதைப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும், போகிற பிள்ளையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் வாரம்: எல்லாமே ஜோர்தான்!

படிப்புப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. அப்போது நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். போன புதிதில் பிள்ளைக்கு ராத்திரி எட்டு மணிக்கே கண்ணைச் சொக்கும். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். பயப்பட வேண்டாம். நாலைந்து நாளில் சரியாகிவிடும். பகலில் தூங்காமல் சமாளித்தால் சீக்கிரமே பழகிவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சனிக்கிழமை ராத்திரி போய் இறங்காதீர்கள். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களில் உள்ள சில கடைகளைத் தவிர, பால் பாக்கெட்கூடக் கிடைப்பது கஷ்டம். வீட்டிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலும் அப்பளமும்தான் அன்றைக்குக் கைகொடுக்கும்.

முதல் இரண்டு வாரம் ஓட்டமாக ஓடும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். வங்கிக் கணக்கு, மருத்துவ இன்ஷூரன்ஸ், மாணவர் அடையாள அட்டை... இந்த வேலைகளில் தனிமையை உணரவே நேரம் இருக்காது. போனில் குரலும் உற்சாகமாக இருக்கும். "பையன் செட்டில் ஆயிட்டான்" என்று நீங்களும் நிம்மதியாவீர்கள்.

ஆனால் உண்மையான பரீட்சை நவம்பரில்தான் ஆரம்பம்!

வகுப்பில் பேர் கூப்பிட ஆளில்லை

நம் ஊர்க் கல்லூரியில் 75 சதவிகித அட்டெண்டன்ஸ் இல்லையென்றால் ஹால் டிக்கெட் இல்லை. ரெண்டு நாள் போகவில்லை என்றால் வீட்டுக்கே தகவல் வந்துவிடும். இன்டர்னல், யூனிட் டெஸ்ட், ரெக்கார்டு என்று மாதாமாதம் ஒரு பிடி இருந்துகொண்டே இருக்கும்.

அங்கே பெரும்பாலான விரிவுரைகளுக்கு அட்டெண்டன்ஸே கிடையாது. (ஆய்வுக்கூட வகுப்புக்கும் சில கருத்தரங்குகளுக்கும் உண்டு.) நீங்கள் வந்தீர்களா, வரவில்லையா என்று பேராசிரியர் கேட்கவே மாட்டார். இருபது வயதைத் தாண்டியவர் தன் பொறுப்பைத் தானே பார்த்துக்கொள்வார் என்பது அவர்கள் கணக்கு. கருணை இல்லாமல் அல்ல, மரியாதையால்.

சின்னச் சின்ன வழக்கங்களும் புதிதாக இருக்கும். பத்து மணி வகுப்பு என்று போட்டு, பக்கத்தில் சி.டி. என்று இரண்டு எழுத்து இருந்தால், வகுப்பு பத்தேகாலுக்கு ஆரம்பிக்கும் என்று அர்த்தம். எஸ்.டி. என்றிருந்தால் பத்து என்றால் பத்துதான்! பாடம் முடிந்ததும் கை தட்ட மாட்டார்கள். விரல் முட்டியால் மேஜையைத் தட்டுவார்கள். முதல் நாள் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும்.

மார்க்கும் தலைகீழ். அங்கே 1.0 தான் முதல் தரம். 4.0 வரை பாஸ். 5.0 என்றால் ஃபெயில். "அம்மா, ஒண்ணு புள்ளி மூணு வாங்கியிருக்கேன்" என்று பிள்ளை சொன்னால் திட்டிவிடாதீர்கள், பாயசம் வையுங்கள்!

இதில் ஆபத்து எங்கே? ஒரு பாடத்தின் மொத்த மார்க்கும் பெரும்பாலும் பருவ முடிவில் வருகிற ஒரே பரீட்சையில் இருக்கிறது. அதுவரை பிள்ளை பின்தங்குவது யாருக்கும் தெரியாது. சில நேரம் அவனுக்கே தெரியாது. தவிர, பரீட்சை எழுதுவதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பல இடங்களில் அந்தக் கெடு பரீட்சைக்கு வெகு முன்பே முடிந்துவிடும். தவறவிட்டால் அந்தப் பருவத்தில் எழுத முடியாமல் போகலாம். ஃபெயிலானால் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதும் கிடையாது. பல பல்கலைக்கழகங்களில் கட்டாயப் பாடத்துக்கு மொத்தம் மூன்று வாய்ப்புகள்தான். மூன்றிலும் தவறினால் அந்தப் படிப்பையே தொடர முடியாத நிலை வரலாம்.

நாலு மணிக்கே இருட்டு

அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். அதோடு நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் நாலரை மணி நேரமாகிவிடும். அதன்பின் பகல் சுருங்குகிற வேகத்தைப் பார்க்க வேண்டுமே!

சென்னையில் மார்கழியில்கூட ஆறரைக்கு வெளிச்சம் வந்துவிடும், ஆறு மணிவாக்கில்தான் இருட்டும். டிசம்பர் கடைசியில் பெர்லினில் சூரியன் உதிப்பது எட்டேகாலுக்கு. மறைவது மாலை நாலு மணிக்கு முன்பே. அந்த ஏழரை மணி நேரத்திலும் பல நாள் மேகம் மூடித்தான் இருக்கும்.

இருட்டுக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நிறைய இருக்கிறது. நம் மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் அது "விடிந்துவிட்டது" என்று தன்னைச் சரிசெய்துகொள்ளும். ராத்திரியில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதும் இதையொட்டித்தான். காலை வெளிச்சம் கிடைக்காவிட்டால் இந்தக் கடிகாரம் மெதுவாகப் பின்னுக்குப் போகும். தூக்கம் தள்ளிப்போகும். சிலருக்கு மனசும் சோர்ந்துபோகும். குளிர்காலத்தில் வருகிற இந்த மனச்சோர்வு அந்த ஊர்க்காரர்களுக்கே வருவதுண்டு. வெயிலிலேயே வளர்ந்த நம் பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமா?

இனி நடப்பதைக் கவனியுங்கள். ஒருநாள் மழை, குளிர். காலை வகுப்புக்குப் போகவில்லை. யாரும் கேட்கவில்லை. "பாடக் குறிப்பு கம்ப்யூட்டர்ல இருக்கே, ராத்திரி படிச்சுக்கலாம்" என்று சமாதானம். ராத்திரி ஊர் நண்பர்களோடு அரட்டை; இல்லையென்றால் பகுதிநேர வேலை. படுக்கும்போது மணி மூன்று. அந்த நேரம் நமக்கு ஏழரை. நீங்கள் காபி போட்டுக்கொண்டே போன் செய்கிறீர்கள். அவனும் எடுக்கிறான். பேசிவிட்டுத் தூங்கினால், விழிப்பது மதியம் பன்னிரண்டுக்கு. பல் விளக்கி, எதையோ சாப்பிட்டு நிமிர்வதற்குள் வெளியே இருட்டிவிடுகிறது!

ஒரு வாரம் இப்படிப் போனால் வகுப்பு புரியாது. புரியாததால் போக வெட்கம். போகாததால் நண்பர்கள் இல்லை. நண்பர்கள் இல்லாததால் அறையே கதி. கடன் வாங்கி அனுப்பிய அப்பாவிடம் இதைச் சொல்ல மனசு வருமா? "சாப்பிட்டியா கண்ணு?" என்று நீங்கள் கேட்டால், "சாப்பிட்டேம்மா, நல்லா இருக்கேம்மா" என்பான். அவன் பொய் சொல்வது உங்களை ஏமாற்ற அல்ல. உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான்.

போகிற பிள்ளைக்கு ஐந்து சொல்

தம்பி, தங்கச்சி... இந்தப் பகுதி உங்களுக்கு.

ஒன்று: வகுப்பு இருக்கிறதோ இல்லையோ, எட்டு மணிக்கு எழுந்துவிடுங்கள். ஒன்பதரைக்குள் வெளியே இறங்கி அரை மணி நேரம் நடங்கள். மேகம் மூடியிருந்தாலும் பரவாயில்லை; அப்போதும் வெளியே உள்ள வெளிச்சம் அறை விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். காசு செலவில்லாத மருந்து இது!

இரண்டு: மதியச் சாப்பாட்டை மென்சாவில் சாப்பிடுங்கள். மென்சா என்றால் பல்கலைக்கழக கேன்டீன். மாணவர் அட்டை இருந்தால் விலை குறைவு. சைவச் சாப்பாடும் இருக்கும். உப்பு உறைப்பு நம் நாக்குக்குப் பத்தாதுதான். ஒரு சின்ன டப்பாவில் பருப்புப்பொடி கொண்டுபோங்கள்! ருசி முக்கியமில்லை, தினமும் ஒரு வேளையாவது நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுவதுதான் முக்கியம்.

மூன்று: முதல் மாதத்திலேயே ஒரு படிப்புக் குழுவில் சேர்ந்துவிடுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் மட்டுமில்லாமல், வேறு நாட்டவரும் இருந்தால் நல்லது. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு நீங்கள் வராவிட்டால், "எங்கே காணோம்?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். அங்கே அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் அதுதான். பரீட்சைப் பதிவுக் கெடுவையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

நான்கு: பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் ஜெர்மன் மொழியை விடாதீர்கள். கடை, பஸ், டாக்டர், வீட்டுக்காரர் எல்லோரும் பேசுவது அதுதான். பக்கத்தில் பேசுவது புரியாமல் இருப்பதே பாதித் தனிமை. சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என்று நாம் அழைக்கிற கோத்தே நிறுவனத்தில் கிளம்பும் முன்பே அடிப்படையைக் கற்றுக்கொண்டு போகலாம்.

ஐந்து: வேலைக்கு அளவு வையுங்கள். 2024 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு மாணவர்கள் வருஷத்துக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம் என்று அனுமதி இருக்கிறது. அனுமதி இருக்கிறது என்பதற்காக முதல் பருவத்திலேயே ராத்திரி வேலையைப் பிடிக்காதீர்கள். அந்த யூரோவுக்கு விலை, மறுநாள் காலை வகுப்பு!

பெட்டி கட்டும்போது...

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே குடும்ப டாக்டரைப் பாருங்கள். ஹீமோகுளோபின், வைட்டமின் டி, சைவக்காரர்களுக்கு பி-12... இவற்றைப் பரிசோதிக்கலாமா என்று கேளுங்கள். அந்த ஊரில் அக்டோபர் முதல் மார்ச் வரை வெயிலிலிருந்து தோல் போதுமான வைட்டமின் டி தயாரிப்பதில்லை. கறுத்த தோலுக்கு இன்னும் அதிக வெயில் தேவை. ஆனால் நீங்களாகவே மாத்திரை வாங்கி அள்ளிப் போடாதீர்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகத்தையும் பாதிக்கும். அளவை டாக்டர் சொல்லட்டும்.

பல், கண் இரண்டையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். ஒரு கண்ணாடி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து சாப்பிடும் மாத்திரை இருந்தால், கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரையும் எழுதிய சீட்டு அவசியம். தடுப்பூசி விவரமும் கையில் இருக்கட்டும்.

அம்மாக்கள் கவனிக்க: நெய், பால்கோவா, மைசூர்பா... மூச்! ஐரோப்பிய நாடுகளுக்குள் வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். வறுத்துப் பொடியாக்கித் தாருங்கள். சின்ன பிரஷர் குக்கர் கொடுத்தால், ராத்திரி பத்து மணிக்கு மேல் விசில் அடிக்கக் கூடாது என்றும் சொல்லிக் கொடுங்கள். அந்த நேரத்தில் சத்தம் போட்டால் பக்கத்து வீட்டார் புகார் செய்வார்கள். தாளிக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். புகைக்கு அலாரம் அலறிவிடும்!

உடம்புக்கு வந்துவிட்டால்...

மருத்துவ இன்ஷூரன்ஸ் அங்கே கட்டாயம். 30 வயதுக்குள் இருக்கும் மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணம். 2025-ல் மாதம் சுமார் 140 முதல் 150 யூரோ. கட்டுகிற பணத்துக்குப் பலன் உண்டு. டாக்டரைப் பார்க்கத் தனியாக ஃபீஸ் கிடையாது. ஆனால் நேராக பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழக்கம் இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொது மருத்துவரை, உடம்பு நன்றாக இருக்கும்போதே தேடி வைத்துக்கொள்ள வேண்டும்.

சளி, ஜுரம் என்று போனால், "ஓய்வெடு, மூலிகை டீ குடி" என்று அனுப்பிவிடுவார். "ஊசிகூடப் போடலைம்மா" என்று பிள்ளை அலுத்துக்கொள்வான். கோபப்படாதீர்கள். வைரஸ் ஜுரத்துக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. அங்கே சீட்டு இல்லாமல் அதை வாங்கவும் முடியாது.

இரண்டு நம்பர் மனப்பாடமாக இருக்கட்டும். டாக்டர்களின் கிளினிக் மூடிய பிறகு, உயிருக்கு ஆபத்தில்லாத தொந்தரவு என்றால் 116117. உயிர் போகிற அவசரம் என்றால் 112.

மனசு சரியில்லை என்றாலும் வழி உண்டு. மாணவர் நலச் சேவை அமைப்புகளும் பல்கலைக்கழகங்களும் ஆலோசனை மையங்கள் நடத்துகின்றன. பெரும்பாலும் இலவசம். ஆங்கிலத்தில் பேசலாம். நீங்கள் சொல்வது பேராசிரியருக்கும் போகாது, ஊருக்கும் வராது. தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, அழுகை, சாப்பிடப் பிடிக்காமை... இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் "சரியாயிடும்" என்று தள்ளாதீர்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். உடனே 112-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள்.

இனி, போனில் என்ன கேட்பது?

கடைசியாகப் பெற்றோருக்கு. போன் செய்வதற்கு ஒரு நேரம் வையுங்கள். குளிர்காலத்தில் நமக்கு இரவு ஒன்பதரை என்றால் அங்கே மாலை ஐந்து. வகுப்பு முடிந்து, இருட்டி, தனிமை கவிகிற நேரம் அதுதான். அப்போது உங்கள் குரல் கேட்டால் நல்லது. நமக்குக் காலையில் கூப்பிடாதீர்கள். அது அவன் தூங்க வேண்டிய நேரம்.

"சாப்பிட்டியா? நல்லா இருக்கியா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். "இன்னிக்கு யார்கூட சாப்பிட்டே?" என்று கேளுங்கள். "காலையில எத்தனை மணிக்கு வெளியே போனே? வழியில என்ன பார்த்தே?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதட்டாதீர்கள். கடனைப் பற்றியோ, பெரியப்பா பையன் அமெரிக்காவில் வீடு வாங்கியதைப் பற்றியோ அந்த நேரத்தில் பேசவே வேண்டாம்.

ஒரு வாக்கியத்தை மட்டும் விமான நிலையத்தில் வைத்தே சொல்லிவிடுங்கள்: "ஒரு பேப்பர் போனா போகட்டும்ப்பா. முடியலைன்னா முடியலைன்னு எங்ககிட்ட சொல்லு. திரும்பி வந்தாலும் இது உன் வீடுதான்." இப்படிச் சொன்னால் பிள்ளைக்குப் பொறுப்பு போய்விடும் என்று பயப்பட வேண்டாம். பொய் சொல்ல வேண்டிய அவசியம்தான் போகும்.

உங்களுக்கே பதற்றமாக இருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கூப்பிடலாம். இலவசம். தமிழிலேயே பேசலாம்.

இன்றைக்கு ராத்திரி ஒன்பதரைக்குப் போன் பண்ணுங்கள். "நல்லா இருக்கேம்மா" என்பதோடு அவன் நிறுத்திக்கொண்டால், விட்டுவிடாதீர்கள். "இன்னிக்கு வெளிச்சத்தைப் பார்த்தியா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் காத்திருங்கள். மீதியை அவனே சொல்வான்.